நானே கூப்பிடுறேன்

அன்புள்ள அம்மா,

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்த, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்குத் துணைநிற்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சமூகப்பணி படித்தவள் இல்லை. போனால் சம்பளம் பாதியாகும். தொற்று வந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என் கேள்வி வேறு. என் அம்மா அப்பாவிடம் அடிவாங்கியே வாழ்ந்தவர். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விண்ணப்பக் கடிதத்தில் அதை எழுதலாமா? எழுதினால்தான் நான் ஏன் வருகிறேன் என்பது அவர்களுக்குப் புரியும் என்று தோன்றுகிறது. 'குரலற்றவர்களின் குரலாக இருப்பேன்' என்று தொடங்கும் கடிதத்தை இணைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. சில வாரங்களாகவே ஒரு பழைய விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் உங்கள் கடிதம் வந்து விழுந்ததால் உடனே எழுத முடியவில்லை.

சம்பளத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். பட்டம் கட்டாயம் என்று விளம்பரத்தில் போடவில்லை என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். வீட்டாரின் பயத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தொட்டால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, அழுகிறவரின் கண்ணீரைத் துடைத்தால் பரவாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, சோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே நீடிக்கிறவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடப் பரவாது. இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த இணையர்களிடம் நடந்த ஆய்வுகள், 2011-இல் முடிவு வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வும் பிறகு வந்த பார்ட்னர் ஆய்வுகளும், இதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. இதைச் சொந்த வீட்டிலேயே உங்களால் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை என்றால், வேலைக்குப் போய் யாரிடம் சொல்லப்போகிறீர்கள்?

அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். எனக்குக் கோபமே வந்தது. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், அது தோற்றுப்போனவர்களைக் குறிக்கும் சொல், நாங்கள் எய்ட்ஸுடன் வாழும் மனிதர்கள் என்றார்கள். முதல் மருந்து வந்ததே 1987-இல்தான். மருந்தே இல்லாத காலத்தில் அப்படிப் பேசினார்கள். நீங்கள் சந்திக்கப்போகும் பெண்களுக்கும் குரல் இருக்கிறது. யாரிடம் எதைச் சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று கணக்குப் போட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை எழுதமாட்டேன். பல வருடங்களுக்கு முன் இதுபோன்ற ஒரு சிறிய அமைப்பில் சம்பளமில்லாமல் தொலைபேசி எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். அவர் வாரம் ஒருமுறை பேசுவார். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தார். தனக்குத் தொற்று இருப்பதைக் கணவரிடம் சொல்லவில்லை. கை ஓங்குகிற ஆளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவார், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார் என்று பயந்தார். வெளியேறத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்கும்போது சொல்வார்: "நீங்க கூப்பிடாதீங்க. நானே கூப்பிடுறேன்."

ஒரு வாரம் அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மருந்து வாங்கும் தேதியும் தாண்டிவிட்டது. மருந்து விட்டுப்போனால் வைரஸ் மறுபடி பெருகும், இடைவெளி விட்டு விட்டு எடுத்தால் அந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூப்பிட்டேன். ஓர் ஆணின் குரல் "யாரு?" என்றது. பழக்கதோஷத்தில் அமைப்பின் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரைக் கேட்டாலே எதற்கான அமைப்பு என்று தெரிந்துவிடும்.

பிறகு அவர் கூப்பிடவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கறையில்தான் கூப்பிட்டேன் என்று அன்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் நான்கு வார்த்தையில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார், அதை நான் செய்யவில்லை. என் பதற்றத்தைத் தணித்துக்கொள்ள அவருடைய ரகசியத்தைச் செலவழித்துவிட்டேன்.

அதனால் நேர்காணலில் 'மருந்து வாங்க வராத பெண்ணை எப்படித் தொடர்புகொள்வீர்கள்?' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலை அவரிடமே முதல் சந்திப்பில் கேட்டு எழுதி வைத்திருப்பேன் என்று சொல்லுங்கள். எந்த எண், எந்த நேரம், குறுஞ்செய்தி அனுப்பலாமா, வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்ல வேண்டும், கடிதம் போகலாமா, உறையில் என்ன பெயர் இருக்கலாம். அடுத்த சந்திப்பில் மறுபடி கேட்க வேண்டும், நிலைமை மாறியிருக்கும். வீட்டை விட்டுக் கிளம்புகிற நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. கிளம்புவதற்கான திட்டத்தில் அடையாள அட்டையோடு சில வார மருந்தும் இருக்க வேண்டும். துணைவருக்குத் தொற்றைப் பற்றித் தெரிவிக்க உதவலாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதுகூட அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பதை ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பிடித்தது. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் முன்பணம் கேட்டு வந்து நின்றார்கள், யார் சம்பளத்தில் கடனுக்குப் பிடித்தம் போகிறது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள் என்றால் முதல் பத்தியில் அதை எழுதுங்கள். 'குரல்' இருந்த இடத்தில் அதைப் போடுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வீட்டில் வளர்ந்த குழந்தையை நினைத்து எனக்கு மனம் கனத்தது. கதவுக்குப் பின்னால் நின்று நீங்கள் கேட்டதெல்லாம் உங்களுடையதுதான், அதை எழுத யார் அனுமதியும் வேண்டாம். அடி வாங்கியது அம்மா. அவர் உயிரோடு இருக்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் படிக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா? விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் அவரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.

அன்புடன்.