சாப்ட்பாலில் பந்து கைநழுவிக் கீழே விழுந்த பிறகும் பேட்டர் அவுட் என்று அம்பயர் சொல்வது எப்படிச் சரியாகும்?

நீங்கள் விவரித்திருக்கும் கட்டத்தை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். ஒருவர் ஏற்கெனவே அவுட். ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் முதலாவதிலும் இரண்டாவதிலும் ரன்னர்கள், அதாவது முன்பே ஆடி ஓடிச் சேர்ந்தவர்கள். பேட்டர் அடித்த பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் தலைக்கு மேலே உயர எழும்புகிறது, அம்பயர் கையை உயர்த்தி ஏதோ கூவுகிறார், ஷார்ட்ஸ்டாப் பந்தைத் தவறவிடுகிறார். அதைக் கண்டு இரண்டாம் பேஸில் நின்றவர் மூன்றாவதற்கு ஓட, அவர் வந்து சேரும் முன்பே பந்து அங்கே போய்விடுகிறது. மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் பேஸை மிதித்தபடி அதைப் பிடிக்கிறார். அம்பயரோ பேட்டரை அவுட் என்றும் ஓடியவரை சேஃப் என்றும் அறிவிக்கிறார். இரண்டும் தலைகீழான தீர்ப்பு என்பது உங்கள் வருத்தம். இரண்டும் சரியான தீர்ப்பு என்பது என் பதில்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். இளமையில் கேட்சராக ஆடினேன்; இப்போது பாலக்காட்டுப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் பள்ளி ஆட்டங்களில் அம்பயராக நிற்கிறேன். எல்லைக்கு எந்தப் பக்கம் போனாலும் பார்க்க வருபவர்கள் கிரிக்கெட்டில் ஊறியவர்கள் என்பதால், கேட்ச் நழுவினால் அடித்தவர் பிழைத்தார் என்பதே அவர்களுடைய கணக்கு. சாப்ட்பாலில் அந்தக் கணக்கு பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் இன்ஃபீல்ட் ஃப்ளை.

முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் இருந்து, இரண்டு அவுட் இன்னும் ஆகாத நிலையில், ஃபேர் எல்லைக்குள், அதாவது இருபுறக் கோடுகளுக்கு நடுவே, உயர எழும்பிய பந்தைப் பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர் ஒருவர் சாதாரண முயற்சியிலேயே பிடித்துவிட முடியும் என்று அம்பயர் கருதினால், பந்து கைக்குள் நின்றாலும் நழுவினாலும் பேட்டர் அவுட். மட்டமாகச் சீறிச் செல்லும் பந்துக்கும் பன்ட் செய்த, அதாவது மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட, பந்துக்கும் இது பொருந்தாது. இப்படி ஒரு விதி இல்லையென்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பந்து பிடிபடும் என்று நம்பி ரன்னர்கள் தத்தம் பேஸிலேயே ஒட்டி நிற்பார்கள். ஷார்ட்ஸ்டாப் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, எடுத்து எறிந்து, நகர முடியாமல் நின்ற இருவரையும் ஒரே மூச்சில் அவுட் ஆக்கிவிடுவார். அந்தத் தந்திரத்தின் வாயை அடைப்பதற்காகவே பேட்டரின் கதையை வானத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் பேஸ் தீர்ப்பும் இதிலிருந்தே பிறக்கிறது. பின்னால் வருபவருக்கு இடம்விட்டு முன்னே போயே ஆக வேண்டிய ரன்னரை அவுட் ஆக்கத்தான் பேஸை மிதித்தால் போதும்; அதுதான் ஃபோர்ஸ் அவுட். பேட்டர் அவுட் ஆனதும் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. ஆகவே ஓடியவர் தன் விருப்பத்தில், தன் பொறுப்பில் ஓடியவர். அவரைப் பந்தால் தொட்டால்தான் அவுட். பந்து உயிருடன் இருப்பதால், அதாவது ஆட்டம் நிற்காததால், அவர் ஓடியதிலும் தவறில்லை. பந்து பிடிபட்டிருந்தால் மட்டும், அது பிடித்தவரின் கையில் பட்ட பிறகே அவர் பேஸை விட்டிருக்க வேண்டும். இதே கட்டத்தில் ஒரு பயிற்சியாளர் என்னிடம், "மாஷே, ஃபோர்ஸ் அவுட் அல்லே?" (சார், ஃபோர்ஸ் அவுட் இல்லையா?) என்று மலையாளத்தில் ஐந்து நிமிடம் விடாமல் கேட்டார். பேட்டர் எங்கே என்று திருப்பிக் கேட்டதும்தான் நிறுத்தினார்.

சிக்கலானது 'சாதாரண முயற்சி' என்ற சொல்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் காற்று வீசும்போது, நேராக மேலே போன பந்து பத்தடி தள்ளி இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றில்லாத நாளில் யாரும் பிடிக்கக்கூடிய பந்து அன்றைக்கு அலைக்கழிக்கும் பந்தாகிவிடும். அதையும் எடைபோட்டே அம்பயர் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்று கூவ வேண்டும். நான் பந்து உச்சியை அடையும்வரை வாயைத் திறப்பதில்லை. களத்தர், அதாவது பந்தைப் பிடிக்க நிற்பவர், காலை ஊன்றிப் பந்துக்காகக் காத்திருக்கிறாரா, பின்னோக்கித் தடுமாறுகிறாரா என்பதைப் பார்த்த பிறகே சொல்வேன். கோட்டை ஒட்டிய பந்தென்றால், ஃபேராக இருந்தால் இன்ஃபீல்ட் ஃப்ளை என்று நிபந்தனையோடுதான் அறிவிக்க வேண்டும்; அது கோட்டுக்கு வெளியே ஃபவுலாகி யார் கையிலும் சிக்காவிட்டால் பேட்டர் மறுபடி ஆடுவார்.

கருத்துரையில் நீங்கள் கேட்டிருக்கும் இன்னொன்று: கையில் பந்தில்லாத களத்தர் வழிமறித்தும் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தவில்லையே என்பது. அவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நீட்டியிருந்தால் அவர் கவனித்துவிட்டார் என்று பொருள். களத்தரின் தடைக்கு ஆட்டம் உடனே நிற்காது. ஓட்டம் ஓய்ந்த பிறகு, தடை இல்லையென்றால் எந்தப் பேஸை எட்டியிருப்பாரோ அந்தப் பேஸை ரன்னருக்குத் தருவார். களத்தர் பந்தை எடுக்க விடாமல் ரன்னர் குறுக்கிட்டால் மட்டுமே பந்து அந்த நொடியில் செத்துப்போகும். இந்த வேறுபாடு தெரியாததால்தான் அம்பயர் கண்ணை மூடிக்கொண்டார் என்று கூச்சல் எழுகிறது.

அடுத்த முறை எதிர்க்க எண்ணினால், எதை எதிர்க்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பந்தை எளிதாகப் பிடித்திருக்க முடியுமா, ரன்னர் முந்தினாரா, பந்து முந்தியதா என்பவை அம்பயரின் கண்ணுக்கு உரியவை. அவற்றின் மேல் முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்க இடமில்லை. விதியையே தவறாகப் பொருத்தினால் இடமுண்டு. உங்கள் ஆட்டத்தில் ஓடியவரைத் தொடாமலே அம்பயர் அவுட் என்று சொல்லியிருந்தால், அது சரியான எதிர்ப்பாக இருந்திருக்கும். அதற்கும், அடுத்த பந்து வீசப்படுவதற்குள் பயிற்சியாளர் 'டைம்' கேட்டு அம்பயரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இன்னிங்ஸ் முடிந்த பிறகு ஸ்கோரர் மேசையில் முறையிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.