வேகம் உங்களுடையது, தேதி யாருடையது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 28. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் பிரிவு எடுத்துத் தேறினேன். அதற்குமேல் படிக்க வீட்டில் வசதியில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். பட்டத்தை ‘நம் வசதிப்படி, நம் வேகத்தில்’ படிக்கலாம் என்கிறார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் நான் வீடு திரும்பவே இரவு பத்து மணியாகிவிடும். இது எனக்கு ஒத்துவருமா? ஐ.டி. வேலைக்கு உதவுமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ‘நம் வேகத்தில்’ என்ற சொல்லை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் மாதத்திலேயே மூச்சுத் திணறிப் பின்வாங்கியவர்கள் பலர். அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால் அதில் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்த ஆன்லைன் பட்டமாக இருந்தாலும், கடிகாரத்தின் எந்த முள் உங்கள் கையில் இருக்கிறது, எந்த முள் கல்வி நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் படிப்பு 2020இல் தொடங்கப்பட்டது. இப்போது ‘டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. இதில் சேர ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் தடையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். அதற்காக வாசலே இல்லாத வீடு என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு வாரங்களுக்கு ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களை நடத்தி, வாரந்தோறும் அசைன்மென்ட் வாங்கி, அவற்றில் தேவையான மதிப்பெண் பெற்றவர்களை மட்டுமே குவாலிஃபையர் என்ற நேரடித் தேர்வுக்கு அனுமதிக்கிறார்கள். அதில் தேறினால்தான் அடிப்படை நிலையில் இடம் கிடைக்கும்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். ஆண்டுக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று பருவங்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வாரப் பாடம். காணொளிகளை நள்ளிரவில் பார்த்தாலும் விடியற்காலையில் பார்த்தாலும் கேட்பாரில்லை. ஆனால் அசைன்மென்டுகளுக்குக் கெடு உண்டு. அந்தத் தேதியைத் தவறவிட்டால் மதிப்பெண் போயிற்று. இடையில் குவிஸ் என்று அவர்கள் அழைக்கும் தேர்வுகளும், பருவ முடிவில் ஒரு தேர்வும் உண்டு. இவற்றை வீட்டிலிருந்தபடி எழுத முடியாது. நீங்கள் தெரிவுசெய்த நகரத்தின் தேர்வு மையத்துக்கு, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில், நேரில் போய் எழுத வேண்டும். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது, எந்தப் பருவத்தில் ஓய்வெடுப்பது என்ற இரண்டு மட்டுமே உங்கள் கையில் இருப்பவை. கட்டணமும் நீங்கள் பதிவு செய்யும் பாடங்களுக்கு மட்டுமே என்பதால், இந்தச் சுதந்திரம் பணத்துக்கும் பொருந்தும்.

அந்தச் சுதந்திரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைத்தான் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நான்காண்டு பி.எஸ். பட்டத்துக்கு 142 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) வேண்டும். அதிகபட்சமாக எட்டு ஆண்டுகள் தருகிறார்கள். எட்டு ஆண்டு என்றால் 24 பருவங்கள். 142ஐ 24ஆல் வகுத்தால் பருவத்துக்கு ஏறத்தாழ ஆறு கிரெடிட் வருகிறது. அடிப்படை நிலைப் பாடம் ஒன்றுக்கு நான்கு கிரெடிட். ஆக, பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகலாம் என்று நினைப்பவர் எட்டாண்டில் பட்டத்தைத் தொடமாட்டார். பாடம் ஒன்றுக்கு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடம் என்றால் இருபது மணி நேரம். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் மாதங்களில் அது நடக்காது என்பது எனக்கே தெரிகிறபோது உங்களுக்குத் தெரியாமலிருக்காது. ஆகவே ஷிப்மென்ட் நெருக்கும் பருவத்தில் ஒரே பாடம், அல்லது ஒன்றுமே வேண்டாம். வேலை தணிந்த பருவங்களில் இரண்டு அல்லது மூன்று என்று ஆண்டுக்கணக்கை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆண்டுக்கு 18 கிரெடிட்டுக்குக் குறையாமல் அந்தக் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பி.எஸ். என்ற இலக்கை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய படியை இலக்காகக் கொள்ளலாம்.

படிகளைச் சொல்ல மறந்துவிட்டேன். எட்டுப் பாடங்கள் கொண்ட அடிப்படை நிலை 32 கிரெடிட். அதன்பின் நிரலாக்கத்திலும் டேட்டா சயின்ஸிலும் தலா 27 கிரெடிட் கொண்ட இரண்டு டிப்ளமோக்கள். 114 கிரெடிட்டில் பி.எஸ்சி.; 142இல் பி.எஸ். ஒவ்வொரு படியிலும் அதற்குரிய சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வெளியேறலாம். இந்த ஏற்பாடுதான் என் கண்ணுக்கு இப்படிப்பின் ஆகச் சிறந்த அம்சம். மூன்றாண்டு கல்லூரியில் இருந்துவிட்டு இடையில் நின்றவரிடம் மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத நிலையை நம் ஊரில் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்!

எங்கே இடறுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப்பதிவியல் பிரிவிலிருந்து வருபவருக்கு அடிப்படை நிலையின் கணிதமும் புள்ளியியலும் முதல் சுவர். இரண்டாவது சுவர் பைத்தான் என்ற நிரல்மொழி. காணொளி பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பாடத்தில், குறித்த நேரத்துக்குள் கண்காணிப்பின்கீழ் நிரல் எழுதிக் காட்ட வேண்டிய தேர்வு ஒன்று தனியாக உண்டு. வெறுமனே பார்த்துப் படித்தவர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள். தினமும் அரை மணி நேரமாவது கையால் நிரல் தட்டிப் பழகாமல் பைத்தான் பாடத்துக்குப் பதிவு செய்யாதீர்கள். பாடமொழி ஆங்கிலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு. டேட்டா சயின்ஸ் டிப்ளமோவில், உண்மையான ஒரு வணிகத்தின் தரவைத் திரட்டி, அதன் சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தரும் புராஜெக்ட் இருக்கிறது. பல மாணவர்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் கெஞ்சி விற்பனைக் கணக்கு வாங்கும் இடம் இது. பில், ரிட்டர்ன், நிலுவை எல்லாவற்றையும் ஒன்பது ஆண்டுகள் புரட்டியிருக்கும் உங்களுக்கு, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது இப்போதே தெரியும். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டால் போதும்.

வேலை பற்றி. இது பி.எஸ். பட்டம், பி.இ.யோ பி.டெக்.கோ அல்ல. பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்று வரையறுத்திருக்கும் பணிகளுக்கு இதைக் கொண்டு விண்ணப்பிக்க இயலாது. ஏதேனும் ஒரு பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளைப் பொறுத்தவரை, பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை உங்களிடம் முறையாக இருப்பதால் அந்தப் பக்கம் சிக்கல் வராது. தனியார் ஐ.டி. நிறுவனங்களில் ஐ.ஐ.டி. என்ற பெயர் நேர்காணல் அறையின் கதவைத் திறக்கும்; உள்ளே போனபின் நீங்கள் கட்டிய செயலிகள்தான் பேச வேண்டும். வளாகத்தில் படிக்கும் பி.டெக். மாணவருக்கு வரும் அழைப்புகள் உங்களுக்கும் வரும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், நிரலாக்க டிப்ளமோ கைக்கு வந்ததும் வேலை தேடத் தொடங்கி, மீதியைப் புதிய வேலையில் இருந்தபடி முடிப்பேன். சாதிப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்துக் கட்டணத்தில் முக்கால் பங்கு வரை சலுகை உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே சான்றிதழ்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் பி.காம். முடித்து, திருமணத்துக்குப் பின் டாலஸ் நகருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரீன் கார்டு இருக்கிறது. இங்கே ஐ.டி. உதவி மையம் ஒன்றில் சேர விரும்புகிறேன். பக்கத்து வீட்டுப் பெண், வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டியில் ஐ.டி. பட்டத்தை ஒரே ஆண்டில் முடித்ததாகச் சொல்கிறார். ஒரே ஆண்டில் பட்டம் என்றால் சந்தேகமாக இருக்கிறதே!
(வாசகி, டெக்சஸ்)

பதில்: சந்தேகம் நல்லதுதான், ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் விஷயத்தில் அது தேவையில்லை. யூட்டா மாநில ஆளுநர் மைக் லெவிட், கொலராடோ ஆளுநர் ராய் ரோமர் ஆகியோர் முன்னின்று, 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் நிறுவிய லாப நோக்கற்ற பல்கலைக்கழகம் அது. அமெரிக்கக் கல்லூரிகளின் தரத்துக்குச் சான்றாகக் கருதப்படும் வட்டார அங்கீகாரமும் 2003 முதல் இருக்கிறது.

வேகத்தின் ரகசியம் அதன் அமைப்பில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தேதி அவர்களுடையது என்று மேலே சொன்னேன். இங்கே தேர்வுத் தேதியும் உங்களுடையதே. வகுப்பில் எத்தனை மணி நேரம் அமர்ந்தீர்கள் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. பாடம் தெரியும் என்பதை நிரூபித்தால் போதும். சில பாடங்களுக்கு வெப்கேமரா வழியே ஒருவர் கண்காணிக்க வீட்டிலிருந்தே தேர்வு எழுதுவீர்கள். வேறு சிலவற்றுக்கு அறிக்கையோ நிரலோ செய்து அனுப்ப வேண்டும். அதை உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் திருத்துவதில்லை. அதற்கென்றே தனி மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். இங்குள்ள கடிகாரம் பணக் கடிகாரம். ஆறு மாதப் பருவத்துக்கு ஒரே தொகை, ஏறத்தாழ 4,000 டாலர். அதற்குள் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு முடித்தாலும் கட்டணம் மாறாது. குறைந்தது 12 யூனிட் (கிரெடிட்டுக்கு இங்குள்ள பெயர்) முடித்தாக வேண்டும்.

ஓராண்டில் முடித்தவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே நெட்வொர்க், சர்வர் வேலைகளில் பழகியவர்களாகவோ, வேறு கல்லூரியின் கிரெடிட்டுகளை மாற்றிக்கொண்டு வந்தவர்களாகவோ இருப்பார்கள். உங்கள் பி.காம். மதிப்பெண் பட்டியலை அயல்நாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்பினால், பொதுக்கல்விப் பாடங்களில் சிலவற்றை அவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடும். சேர்ந்து பணம் கட்டியபின் அல்ல, அதற்கு முன்பே இதைச் செய்து முடியுங்கள். தொழில்நுட்பப் பாடங்களில் புதியவர் என்ற முறையில், மூன்று ஆண்டு என்று திட்டமிட்டால் உங்களுக்கு உறக்கமும் மிஞ்சும்.

உதவி மைய வேலைக்கு இந்தப் படிப்பு குறிப்பாகப் பொருந்துவதற்குக் காரணம், ஐ.டி. துறைச் சான்றிதழ்களை வழங்கும் காம்ப்டியா என்ற அமைப்பின் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் ஆகிய சான்றிதழ்த் தேர்வுகள் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பதுதான். ஏ பிளஸ் கிடைத்த மறுநாளே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்ற இரண்டே முடிவுகள். எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் சராசரி நான்குக்கு 3.0 என்றே கொள்ளப்படுவதால், கடும் போட்டியுள்ள மேற்படிப்புக்கு இது தோதானதல்ல. பேராசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான ஊடாட்டம் போதவில்லை என்று கூறி, 71.3 கோடி டாலர் மாணவர் நிதியைத் திருப்பித் தரவேண்டும் என அமெரிக்கக் கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு 2017இல் பரிந்துரைத்தது. கல்வித் துறை 2019 ஜனவரியில் அதை ஏற்க மறுத்துவிட்டது. பணம் கேட்கப்படவில்லை என்பதால் பல்கலைக்கழகத்துக்கு நிம்மதி. ஆனால் தனியே உட்கார்ந்து படிப்பவருக்குத் துணையாக இருப்பவர், அவ்வப்போது தொலைபேசியில் அழைக்கும் ஒரு வழிகாட்டி மட்டுமே என்பது மாறவில்லை. யாரேனும் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டால்தான் படிப்பு ஓடும் என்ற இயல்புடையவரானால், உங்கள் பகுதிச் சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்புகளை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆறே மாதத்தில் ஆன்லைனில் பி.எஸ்சி. ஐ.டி. பட்டம் வாங்கித் தருவதாக என் மகனுக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. முன்பணம் மட்டும் கட்டினால் போதுமாம். நம்பலாமா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: கூடாது. இந்தியாவில் முறையான இணையவழி இளநிலைப் பட்டம் எதையும் ஆறு மாதத்தில் முடிக்க முடியாது. இக்னோவின் பி.சி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள்: குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. மெதுவாகப் போக இடம் தருவார்கள். மூன்றாண்டை ஆறு மாதமாகச் சுருக்க இடம் தரமாட்டார்கள்.

யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகளின்கீழ் அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் பெறும் இணையவழிப் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய்ப் பெறும் பட்டத்துக்கு இணையானது என்று 2022இல் யு.ஜி.சி. தெளிவாகவே அறிவித்துவிட்டது. எனவே ஆன்லைன் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பை நடத்த அனுமதி உண்டு என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் (டி.இ.பி.) இணையதளத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமல்ல, படிப்பின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். இடைத்தரகு நிறுவனங்கள் கிளை உரிமை அடிப்படையில் பட்டப்படிப்பு நடத்துவதற்கு அனுமதி கிடையாது என்றும் அதே யு.ஜி.சி. எச்சரித்திருக்கிறது.

அழைப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: மாணவர் சேர்க்கைக்கு யு.ஜி.சி. இப்போது கட்டாயமாக்கியுள்ள டி.இ.பி. அடையாள எண்ணை மகன் எப்போது உருவாக்க வேண்டும்? கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்கில் செலுத்தலாமா? பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே இணைப்பு துண்டிக்கப்படும். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்யுங்கள். பணம் போன வங்கிக் கணக்கின் விவரத்தையும், வந்த குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.