கடன் அட்டையை எடுப்பதற்கு முன்

மதிப்புக்குரிய ஐயா,

புவியியல் சிறப்புக் கற்கை பயிலும் தங்கள் மகள் ஒரேயொரு ஆய்வுக் கட்டுரையைத் தரவிறக்குவதற்கு 40 டொலர் கேட்கப்படுவதாகவும், இப்படிப் பத்துக் கட்டுரைகளுக்கு எங்கே போவது என்றும் கலங்கி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பணம் கட்ட வேண்டாம். பதிப்பகத்தின் தளம் வாசகரைப் பெரும்பாலும் இணைய இணைப்பின் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஆகவே பல்கலைக்கழகம் சந்தா செலுத்தியுள்ள இதழாயின், வெள்ளவத்தை வீட்டில் விலை கேட்கும் அதே பக்கம் வளாக நூலகக் கணினியில் தடையின்றித் திறக்கும். வீட்டிலிருந்தே நுழைய வழியுண்டா என்று நூலகரிடம் நேரில் கேட்கச் சொல்லுங்கள். இக்காலப் பிள்ளைகள் ஒருவரிடமும் வாய்திறந்து கேட்காமல் கைபேசியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சந்தா இல்லாத இதழானால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் கட்டுரைத் தலைப்பின் கீழுள்ள எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்திப் பார்க்கலாம். ஆசிரியர் தமது பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இட்ட பிரதி பல வேளைகளில் அங்கு அகப்படும். உள்நாட்டு ஆய்விதழ்கள் பலவற்றை தேசிய விஞ்ஞான மன்றத்தின் ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

எனினும், தாங்கள் அனுப்பிய கணினித் திரையின் படத்தைப் பார்த்தபோது, மகளின் உண்மையான இடர்ப்பாடு பணமன்று, தேடுசொல்லே என்று தோன்றியது. ஒப்படைத் தலைப்பு முழுவதையும் ஒரே வரியாகத் தட்டச்சு செய்திருக்கிறார். களனி ஆற்று வெள்ளம் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோருள் சிலர் ‘களனி ரிவர்’ என்பர், சிலர் ‘களனி கங்கா’ என்பர். 1972க்கு முன்னர் நாட்டின் பெயரே ‘சிலோன்’ ஆதலால், ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் தேடுபவருக்கு அதற்கு முந்திய வெள்ளங்கள் நடவாதவை போலாகிவிடும். எல்லாப் பெயர்களையும் மாற்றி மாற்றித் தேடட்டும். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தபின், அதன் உசாத்துணைப் பட்டியல் வழியே பழையவற்றுக்கும், அதனை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியல் வழியே புதியவற்றுக்கும் செல்வதே என் அனுபவத்தில் விரைவான வழி.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரிப்போம் என்று வரும் மின்னஞ்சல்களை அவர் திறக்கவே வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, எந்தச் சொல்லை எந்தத் தளத்தில் எந்நாளில் தேடினார் என்று குறித்த கொப்பியொன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆராய்ச்சி உதவியாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சையில் அதைப் பற்றி எவ்வாறு பேசுவது என்பதை அன்று பார்ப்போம்.