ஹைப்ரிட் கார் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் வாங்குவது தொடர்பாக வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் கார்களைப் பற்றியே கேட்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுள் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். பிறருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு பதிலிலும் கணக்குப் போடும் முறையையும் சேர்த்தே தந்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் நாள்தோறும் அவிநாசியிலிருந்து கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் உள்ள அலுவலகத்துக்குக் காரில் சென்று திரும்புகிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய காரை மாற்றி ஹைப்ரிட் வாங்கினால் பெட்ரோல் செலவு பாதியாகக் குறையும் என்பது அவருடைய எண்ணம். அத்தனை பணத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதில் என்ன பயன் என்று என் மாமனார் கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, அவிநாசி

பதில்: உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மாமனார் சொல்வதே சரி. ஆனால் அதற்குக் காரணம் காரின் விலை மட்டுமன்று; உங்கள் கணவர் செல்லும் சாலையும் ஒரு காரணம்.

ஹைப்ரிட் கார் பெட்ரோலை மிச்சப்படுத்துவது முக்கியமாக மூன்று வழிகளில். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் வழியாக மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரில் ஓடுகிறது. எஞ்சினும் இழுவிசையைச் சற்றுக் குறைத்துச் சிக்கனத்தைக் கூட்டும் அட்கின்சன் முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் முதல் இரண்டும் நின்று நின்று செல்லும் பயணத்தில்தான் பலன் தரும். நான்குவழிச் சாலையில் 80 அல்லது 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும் காரில் சேமிப்பதற்குப் பிரேக் ஆற்றலும் இல்லை, நிறுத்துவதற்கு எஞ்சினுக்கு வாய்ப்பும் அதிகம் இல்லை. மூன்றாவது வழி மட்டுமே மிஞ்சும்.

உங்கள் கணவரின் வழியைப் பாருங்கள். அவிநாசியிலிருந்து நீலாம்பூர் வரை தேசிய நெடுஞ்சாலை. பிறகு வரும் அவிநாசி சாலையில், முன்பெல்லாம் கோல்டுவின்ஸ் தொடங்கி உப்பிலிபாளையம் வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் செல்ல வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதியையும் நிற்காமல் கடந்துவிடலாம். அவருடைய நாற்பது கிலோமீட்டரில் உண்மையான நகர நெரிசல் கடைசி ஓரிரு கிலோமீட்டர்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரே அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காருக்கும் ஹைப்ரிட் காருக்கும் ஷோரூம் விலையில் 2.5 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரி 10 லட்சம் முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடு. ஆகவே அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 45,000 ரூபாய் வரி. காப்பீட்டையும் சேர்த்தால் ஆன்ரோடு விலையில் 3 லட்சம் கூடுகிறது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 17 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 22 கிலோமீட்டரும் தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சமாவது 1 ரூபாய் 33 காசு. ஆண்டுக்கு 22,000 கிலோமீட்டருக்கு 29,000 ரூபாய் சொச்சம். கூடுதலாகக் கொடுத்த 3 லட்சம் திரும்பி வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். அந்த 3 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் 73,000 ரூபாயைத் தாண்டும். அப்போது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும்.

விளம்பரங்களில் காணும் மைலேஜ் எண்ணை இந்தக் கணக்கில் இட வேண்டாம். மாருதியின் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் 2022-ல் வெளிவந்தபோது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்றும், அதன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 20.58 கிலோமீட்டர் என்றும் சான்றளிக்கப்பட்டன. அவை ஆய்வகத்தில், ஒரே ஒழுங்கில் ஓட்டி அளந்த எண்கள். இரண்டு கார்களை ஒப்பிட அவை உதவும். மாதப் பெட்ரோல் செலவைக் கணக்கிட உதவமாட்டா.

விலையில் இன்னொரு கண்ணி உண்டு. காரின் விலை 20 லட்சத்தைத் தாண்டினால் ஆயுட்கால வரி முழு விலைக்கும் 20 விழுக்காடாகிறது. 18.5 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு 3.33 லட்சம் வரி என்றால், 21 லட்சம் ரூபாய் ஹைப்ரிட்டுக்கு 4.2 லட்சம். வித்தியாசம் 87,000 ரூபாய். அந்த எல்லைக்கு அருகில் உள்ள மாடலைப் பார்ப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆன்ரோடு விலைப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஹைப்ரிட் கார் ஓட்டுவதற்கு அமைதியானது, அலுப்புத் தராதது. அந்தச் சுகத்துக்காக வாங்குவதாக இருந்தால் மறுப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சேமிப்புக்காக என்று சொல்லி வாங்க வேண்டாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

கேள்வி: பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்காக நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று திருப்பூருக்குள்ளேயே நாள் முழுவதும் காரில் அலைகிறேன். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டருக்குக் குறையாது. எனக்கு ஹைப்ரிட் பொருந்துமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பொருந்தும். இன்னும் சொன்னால், இந்தப் பகுதியில் ஹைப்ரிட் காரால் உண்மையிலேயே பணம் மிச்சமாகும் சிலருள் நீங்கள் ஒருவர்.

ஊருக்குள் நெரிசலில் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 21 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 90 காசு மிச்சம். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 24,000 கிலோமீட்டர். ஏறத்தாழ 70,000 ரூபாய் மிச்சமாகும். முன்பு சொன்ன 3 லட்சம் நான்கரை ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

கொங்குப் பகுதியில் பலருடைய நிலைமை இதற்கு நேர்மாறானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குள் ஓட்டுபவர்கள் குறைந்த தூரம் ஓட்டுகிறார்கள். நிறையத் தூரம் ஓட்டுபவர்கள் திறந்த சாலையில் ஓட்டுகிறார்கள். ஆர்.எஸ். புரத்திலும் காந்திபுரத்திலும் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓடும். மிச்சம் 23,000 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பதின்மூன்று ஆண்டுகள். நெரிசலும் தூரமும் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே ஹைப்ரிட்டில் கணக்கு நேராகிறது.

கேள்வி: நான் பார்த்த காரில் ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று போட்டிருக்கிறது, விலையும் அதிகமில்லை. இதுவும் அதே ஹைப்ரிட் தானா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. அதை மைல்டு ஹைப்ரிட் என்பார்கள். எஞ்சினுடன் இணைந்த ஒரு சிறிய மோட்டார் சிக்னலில் நின்ற எஞ்சினை மீண்டும் கிளப்பும். வேகமெடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும். அந்த மோட்டாரால் மட்டும் கார் நகராது. மைலேஜில் சிறிதளவு ஆதாயம் உண்டு. மேலே நான் போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது. ‘எஞ்சின் ஓடாமல், மின்சாரத்தில் மட்டும் இந்தக் கார் ஓடுமா?’ என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். ஆம் என்றால் அது ஸ்ட்ராங் ஹைப்ரிட்.

கேள்வி: வேலை காரணமாக வாரம் ஒருமுறை குன்னூர் சென்று வருகிறேன். மலையிறங்கும்போது ஹைப்ரிட் பேட்டரி இலவசமாக நிரம்பிவிடும், அதனால் பெட்ரோலே செலவாகாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: பாதி உண்மை. மறுபாதியைத் தெரிந்துகொள்வது உங்கள் பாதுகாப்புக்குத் தேவை.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மின்கணக்கில் சொன்னால், சுமார் 6 யூனிட். கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்ற கார்களின் ஹைப்ரிட் பேட்டரியோ 0.76 யூனிட் கொள்ளளவுதான். அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடாமல் காரின் கட்டுப்பாட்டுக் கருவி மேலும் கீழும் இடம் விட்டு வைக்கும். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் போனது போக மிஞ்சும் ஆற்றலே பேட்டரி கொள்ளும் அளவைப் போலப் பல மடங்கு. பாதி மலை இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அதன் பிறகு மோட்டாரால் வேகத்தைத் தடுத்துப் பிடிக்க முடியாது. பெருஞ்சுமை பிரேக் மீது விழும்.

இதற்காகவே கியர் நெம்புகோலில் ‘பி’ (ஆங்கில எழுத்து B; நிறுத்துவதற்கான P அன்று) என்னும் நிலை வைத்திருக்கிறார்கள். அதில் இட்டால், எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சுழலவிட்டு அதன் தடையால் கார் மட்டுப்படும். சாதாரணக் காரில் இரண்டாம் கியரில் இறங்குவதற்கு ஈடானது இது. பர்லியாறு இறக்கத்தில் மட்டுமன்றி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறையின் 40 வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இதை மறக்கக் கூடாது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கிச் சூடேறிய பிரேக் பிடிக்காமல் போவது எந்தக் காருக்கும் நேரக்கூடியது; ஹைப்ரிட் என்பதால் விலக்கு இல்லை. டெஸ்ட் டிரைவின்போதே அந்த நிலையைப் பயன்படுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

மலையேறும்போது பேட்டரி சில வளைவுகளுக்குள் இறங்கிவிடும். பிறகு எஞ்சின்தான் பெரும்பாலும் இழுக்கும், சத்தம் கூடும். அது பழுதன்று.

கேள்வி: சொந்த வீடு, கார் நிறுத்த இடம் இரண்டும் உண்டு. நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் ஒருமுறை சென்னை. ஹைப்ரிட்டா, முழு மின்சாரக் காரா?
– வாசகி, ஈரோடு

பதில்: வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருப்பவர்கள் முதலில் மின்சாரக் காரைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல் காருக்கும் பெரிய ஹைப்ரிட் காருக்கும் ஒரே 40 விழுக்காடு ஜிஎஸ்டி. அதற்கு முன்பு செஸ் என்னும் கூடுதல் வரி உட்பட ஹைப்ரிட்டுக்கு 43 விழுக்காடும், பெரிய எஸ்யூவிகளுக்கு 50 விழுக்காடும் இருந்தன. அந்தச் சலுகை இப்போது மறைந்துவிட்டது. மின்சாரக் காருக்கு இன்றும் 5 விழுக்காடுதான்.

நாளைக்கு 50 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 3,000 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் என்று கொண்டால் 460 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து இது 500 யூனிட்டைத் தாண்டிவிடும் என்பதால் கட்டண அடுக்கே மாறும். அதனால் கூடும் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். ஹைப்ரிட்டுக்கு ஊருக்குள் 4 ரூபாய் 75 காசு ஆகும். சென்னைப் பயணத்துக்கு வழியில் ஒருமுறை நின்று சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். மின்சாரக் கார்களுக்கான சாலை வரிச் சலுகை நீங்கள் பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ளதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் சார்ஜருக்கு அனுமதி கிடைக்காதவர்களுக்கு ஹைப்ரிட் நல்ல இடைவழி.

கேள்வி: நான்கு ஆண்டு பழைய ஹைப்ரிட் கார் ஒன்று விலைக்கு வருகிறது. தோட்டத்து வீட்டில்தான் நிற்கும். பேட்டரி போய்விட்டால் பெருஞ்செலவு என்கிறார்களே?
– வாசகர், காங்கேயம்

பதில்: டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் ஹைப்ரிட் காரை ஜப்பானில் 1997-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடித் தேறிய தொழில்நுட்பம் இது. பேட்டரியை முழுதாக நிரப்பாமலும் முழுதாக வடிய விடாமலும் கார் பார்த்துக்கொள்வதால் அதன் ஆயுள் நீள்கிறது. இங்கு விற்கும் டொயோட்டா, மாருதி, ஹோண்டா ஹைப்ரிட்களுக்குப் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. ஆண்டை மட்டும் பார்க்காமல் ஓடிய கிலோமீட்டரையும் பாருங்கள். மிச்ச உத்தரவாதம் உங்கள் பெயருக்குத் தொடரும் என்பதைச் சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் பெறுங்கள்.

தோட்டத்து வீடு என்பதால் சில சொற்கள். பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைக்கு அருகே உள்ள துளை வழியாகச் செல்கிறது. அதன்மேல் மூட்டை, பை எதையும் வைத்து அடைக்காதீர்கள்; தேங்காய்நார்த் தூளும் பஞ்சும் பறக்கும் இடங்களில் அதன் வடிகட்டியைச் சர்வீஸுக்குச் சர்வீஸ் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எலி இன்னொரு தொல்லை. ஆரஞ்சு நிறத்தில் உள்ள ஒயர்கள் உயர் மின்னழுத்தம் செல்பவை. எலி கடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் பழக்கமான மெக்கானிக்காக இருந்தாலும் அவரைத் தொடவிடாதீர்கள், பயிற்சி பெற்றவரை வரவழையுங்கள். வாரக்கணக்கில் காரை எடுக்காமல் நிறுத்தினால் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், பெரிய பேட்டரி நன்றாக இருந்தும் கார் கிளம்பாது. ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

விலை பேசுவதற்கு முன்னால், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் ஹைப்ரிட் பேட்டரியைச் சோதித்து அறிக்கை பெற வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் தவறில்லை. அதற்கும் இசையாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.