வேலையை விட்டால்தான் வயல்வெளியை எழுத முடியுமா?

கேள்வி: ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். இப்போது ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இயற்கை எழுத்தாளர் ரிச்சர்ட் ஜெஃபரீஸின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இங்கிலாந்தின் வயல்களுக்கும் வேலிப்புதர்களுக்குமே வாழ்வைக் கொடுத்தவர் அவர். நானும் வேலையை உதறிவிட்டு, ஏதாவது ஒரு கிராமத்தில் தங்கி இயற்கையை எழுதலாமா? வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அவருடைய நூல்களில் எதை முதலில் படிப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வேலையை விடாதீர்கள். ஜெஃபரீஸையே சாட்சிக்கு அழைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

1848-இல் வில்ட்ஷயரில், ஸ்விண்டனுக்கு அருகே கோட் என்ற இடத்தில் ஒரு சிறு பண்ணையில் பிறந்தவர் அவர். தந்தைக்கு மண்மேல் இருந்த ஆசைக்கு ஈடாகக் கையில் காசு இல்லை. கடைசியில் பண்ணையே கைவிட்டுப் போயிற்று. மகன் இளம்வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்கு நிருபராகப் போனார். நாவல்கள் எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை. 1877-இல், லண்டனை ஒட்டிய சர்பிட்டனுக்குக் குடிபெயர்ந்தார். நீங்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'தி கேம்கீப்பர் அட் ஹோம்' (1878), கோட் ஏரிக்கரையில் திரிந்த பிள்ளைப் பருவத்திலிருந்து பிறந்த 'பெவிஸ்' (1882) எல்லாம் அந்த ரயிலடிப் புறநகரில் வசித்த காலத்தில் வெளிவந்தவை.

சர்பிட்டனிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. அங்கே ஒரு பாலத்துக்குக் கீழே டிரௌட் மீன் ஒன்று குடியிருந்தது. தூண்டில்காரர்கள் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்று அதைப் பற்றி மூச்சுவிடாமல், பருவம் பருவமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலத்து வேலைக்காகத் தண்ணீரைத் தடுத்து இறைத்தபோது மீன் காணாமல் போனது. அதன் பிறகும் அங்கே எட்டிப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. இதற்கு எந்த ராஜினாமாக் கடிதமும் தேவைப்படவில்லை. உங்கள் அலுவலகத்துக்குப் போகும் வழியிலும் ஒரு வாய்க்காலோ ஒரு மரமோ இருக்கும். ஓராண்டு அதை விடாமல் பார்த்து, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அது சலிக்காமல் இருந்தால் கிராமத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வயல் என்றால் அதில் உழைப்பவர்களும் சேர்த்திதான். 1872-இல் வில்ட்ஷயர் கூலியாட்களைப் பற்றி 'டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதங்களில் ஜெஃபரீஸ் பண்ணையார்கள் பக்கமே பேசினார். அந்தப் பார்வை எனக்கு உவப்பானதல்ல. ஆனால் 1885-இல் 'ஒன் ஆஃப் தி நியூ வோட்டர்ஸ்' கட்டுரையில், வெயிலில் கோதுமை அறுக்கும் ரோஜர் என்ற ஒரு தொழிலாளியின் உடல் படும் பாட்டை வரி வரியாக எழுதினார். கோதுமையின் அழகையும் அவர் மறைக்கவில்லை. அவர் எழுதியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

வறுமையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஏதோ ஏக்கம் தெரிகிறது. அது வேண்டாம், அம்மா. 1881-இன் கடைசியில் படுத்த ஜெஃபரீஸின் உடம்பு பிறகு தேறவே இல்லை. அறுவைச் சிகிச்சைகள், காசநோய், மருத்துவச் செலவு. எழுத்தாளர்களுக்கான நிதியுதவியை வாங்குவது தன்மானத்துக்கு இழுக்கு என்று நெடுங்காலம் மறுத்து வந்தார். பேனா பிடிக்க வலுவில்லாத நாட்களில் அவர் சொல்லச் சொல்ல மனைவி ஜெஸ்ஸி எழுதினார். 1887-இல் சசெக்ஸின் கோரிங்கில் இறந்தபோது வயது 38. அந்தத் துன்பம்தான் அவர் எழுத்துக்கு உரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னும் எழுதியிருக்க வேண்டிய புத்தகங்களை அது நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

மாதச் சம்பளம் வரட்டும். வீட்டாரிடம் விடியற்காலை ஒரு மணி நேரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

நூல்களில், 'நேச்சர் நியர் லண்டன்' (1883) முதலில். நான் சொன்ன மீன் அதில்தான் இருக்கிறது. 'தி ஸ்டோரி ஆஃப் மை ஹார்ட்' அதே ஆண்டில் வந்தது என்றாலும் அதைப் பிறகு எடுங்கள். குன்றின்மேல் தனியே படுத்து வானத்தோடு பேசும் நூல் அது, அவர் குரல் பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.