டிஎன்ஏவை வெட்டும் நொதிகள்: கேள்வி பதில்

யீஷூன், தொடக்கக் கல்லூரி மாணவி: அக்கா, டிஎன்ஏவை எங்கே வெட்ட வேண்டும் என்று ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமுக்கு எப்படித் தெரிகிறது?

டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளின் வரிசையை வைத்துத்தான்மா. ஈகோ-ஆர்-ஒன் என்ற நொதி, ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்து வரும் இடத்தில் ஜிக்கும் ஏவுக்கும் நடுவே வெட்டும். இதை 'விகடகவி' போல என்பார்கள், முழுக்கச் சரியில்லை. ஓர் இழையையே திருப்பிப் படித்தால் அதே சொல் வராது, எதிர் இழையை அதன் திசையில் படித்தால்தான் வரும். அதனால் இரண்டு இழைகளும் நான்கெழுத்துத் தள்ளி வெட்டுப்பட்டு, ஏஏடிடி என்ற வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதி வெட்டிய எந்த டிஎன்ஏவும் அதில் பொருந்தும். லைகேஸ் நொதி நிரந்தரமாக இணைத்துவிடும்.

தெம்பனிஸ், இல்லத்தரசி: அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முன்பு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்கான டிஎன்ஏவை, பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவை வெட்டி அதில் இணைத்து, ஈ.கோலை பாக்டீரியாவைத் தயாரிக்க வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பாலிடெக்னிக் மாணவர்: எக்ஸ்பா-ஒன் என்ற வெட்டும் நொதியைப் போட்டு மூன்று முறை ஜெல் (டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டிவிட்டேன். பிளாஸ்மிட் வெட்டுப்படவே இல்லை. என்சைம் கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டுப் புது டியூப் வாங்காதீர்கள், தம்பி. நன்றாக வெட்டுப்படும் என்று தெரிந்த வேறொரு டிஎன்ஏவில் அதே என்சைமைப் போட்டுப் பாருங்கள். அங்கே வெட்டினால் என்சைம் மேல் பழியில்லை. அடுத்து உங்கள் வரிசையைப் பாருங்கள். எக்ஸ்பா-ஒன் வெட்டும் வரிசையான டிசிடிஏஜிஏவுக்கு முன்னால் ஜிஏவோ பின்னால் டிசியோ இருந்தால், அங்கே ஜிஏடிசி உருவாகிறது. சாதாரண ஈ.கோலையில் உள்ள 'டேம்' நொதி அந்த ஏ மீது மெத்தில் என்ற சிறிய வேதிக் குறியை வைத்துவிடும். எக்ஸ்பா-ஒன் அதைத் தொடாது. டேம் இல்லாத ஈ.கோலை வகையில் பிளாஸ்மிடை மறுபடி வளர்த்து எடுங்கள். இதே தடையில் நானும் இரண்டு வாரம் இழந்திருக்கிறேன். இன்னொன்று: என்சைம் கிளிசரால் என்ற கெட்டியான திரவத்தில் வருகிறது. வேகமாக வெட்டட்டும் என்று அதிகம் ஊற்றினால், கிளிசரால் கூடி, வெட்டக்கூடாத இடத்திலும் வெட்டும் நொதிகள் உண்டு. கலவையில் 5 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

யீஷூன் மாணவி மறுபடியும்: அப்படியானால் பாக்டீரியா தன் டிஎன்ஏவையே வெட்டிக்கொள்ளாதா?

நல்ல கேள்வி. வெட்டும் நொதியோடு, அதே வரிசையில் மெத்தில் குறி வைக்கும் நொதியும் அதனிடம் உண்டு. குறியில்லாமல் நுழையும் வைரஸ் டிஎன்ஏதான் துண்டாகும்.

உட்லண்ட்ஸ், ஆசிரியர்: மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்தபின் இந்த நொதிகள் பழசாகிவிட்டனவா?

இல்லை சார். எங்கே வெட்ட வேண்டும் என்று கிரிஸ்பருக்குக் காட்டும் வழிகாட்டி வரிசையைப் பிளாஸ்மிடில் ஏற்றவே, பிபிஎஸ்-ஒன் போன்ற நொதிகளால்தான் பல ஆய்வகங்களில் இன்றும் வெட்டுகிறார்கள்.