வம்பு வழக்குகளுக்குத் தடை கேட்க முடியுமா?

கேள்வி: ஆந்திரத்தின் நகரி அருகே விசைத்தறி வைத்திருக்கிறேன். அப்பா கிரயம் வாங்கிய மாந்தோப்பில் பங்கு கேட்டுப் பெரியப்பா மகன் போட்ட வழக்கு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். அதன் பிறகும் நிரந்தரத் தடை கோரி இரண்டு வழக்குகள், எங்கள் மீது மூன்று குற்றப் புகார்கள். இப்போது திருத்தணி நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா தறியை நிறுத்திவிட்டுப் போகிறேன். இனி அவர் வழக்கே போடாதபடி செய்ய முடியுமா?

பதில்: அன்புள்ள ஐயா, அடியோடு தடுக்க முடியாது, ஆனால் நீதிபதியின் முன் அனுமதி இல்லாமல் போட முடியாதபடி செய்ய வழி உண்டு. தங்கள் பகுதி 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்ததால், 1949-இல் சென்னையில் இயற்றப்பட்ட வம்பு வழக்குத் தடுப்புச் சட்டம் ஆந்திரம் பிரிந்த பிறகும் அங்கே தொடர்ந்தது. அது செல்லத்தக்க சட்டமே என்று ஆந்திரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-இல் தீர்ப்பளித்தது. தக்க காரணமின்றி வம்பு வழக்குத் தொடுப்பதையே ஒருவர் வழக்கமாகக் கொண்டிருக்கிறார் என உயர் நீதிமன்றம் கருதினால், அவர் தரப்பையும் கேட்டபின், மாவட்ட நீதிபதியின் அனுமதியின்றி உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்கக் கூடாது என ஆணையிடலாம். மீறித் தொடுத்தால் அவ்வழக்கு தள்ளுபடியாகும்.

ஆனால் இந்த மனுவைத் தாங்கள் நேரடியாகப் போட முடியாது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல்தான் போட வேண்டும். ஆகவே அவருக்கு முறையான விண்ணப்பம் கொடுத்து, அவர் மனம்கொள்ளும்படி ஆவணங்களை அடுக்குவதே தங்கள் வேலை. ஒவ்வொரு வழக்கின் பிராது (வழக்கு மனு), தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். விசாரித்துத் தள்ளுபடி செய்த தீர்ப்புக்கு இருக்கும் வலு, வாதி வராததால் தள்ளுபடியான வழக்குக்கு இருக்காது என்பதால், அவர் வழக்கைக் கைவிட முயன்றாலும் தீர்ப்பு வரை வலியுறுத்தும்படி தங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். புகார்களிலும் நடுவர் நீதிமன்றம் வரை சென்றவை எவை என்று பிரித்துக் காட்டுங்கள். காவல் நிலையத்திலேயே முடிந்தது நீதிமன்ற நடவடிக்கை ஆகாது.

ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஆணை திருத்தணியைக் கட்டுப்படுத்தாது என்பதே எல்லையோர மக்களுக்குள்ள தனிச் சங்கடம். எனினும் அங்கே தங்களுக்கு வேறு பிடி இருக்கிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி நில வழக்கை நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். தோப்பு ஆந்திரத்தில் இருப்பதால் அந்தப் பிராதை அவரிடமே திருப்பித் தருமாறு முதலிலேயே மனு செய்யுங்கள். ஆட்சேபத்தைத் தாமதித்தால் அது பலனற்றுப் போகலாம். மற்ற வழக்குகளின் எதிருரையில், முன்பே தீர்ப்பான விவகாரம் என்ற 11-ஆம் பிரிவின் தடையை எழுப்ப மறக்க வேண்டாம்.

அதே சட்டத்தின் 35-ஏ பிரிவின் கீழ் இழப்பீட்டுச் செலவுத்தொகையும் கேட்கலாம். அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய்தான். ஒரு வாரம் தறி நின்ற நட்டத்துக்கே அது காணாது என்பது எனக்கும் வருத்தமே. ஆயினும் கேளுங்கள். வழக்கு பொய்யானது அல்லது வம்புக்கானது என்று நீதிமன்றமே அந்த ஆணையில் எழுதுமானால், அட்வகேட் ஜெனரலிடம் தாங்கள் வைக்கும் முதல் காகிதம் அதுவாக இருக்கட்டும்.